பீலியடிக் கல்

மைதாப் பசை வாடை அடிக்கிறது. தேர்தலில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளை இரண்டாக்கிய இரு கட்சிக்காரர்களும் இப்போது சேர்ந்து ‘ஒற்றுமை விழா’ போஸ்டர் ஒட்டுகிறார்கள்.

சிறு வயதிலும் ஒரு தேர்தல் இதே வாடையோடு வந்து போனது. அதன்பின், ஊற்றுத் தண்ணீர் கொட்டும் பீலியில், எதிர்க்கட்சிக்காரர் குடம் வைத்த அடிக்கல்லை அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்த பிறகே தண்ணீர் பிடிப்பாள். தோட்டத் துரையின் பங்களாவில் வேலை செய்த அப்பா ஒருநாள் சொன்னார்: "ரெண்டு வேட்பாளரும் ஒரே சோபாவுல உக்காந்து டீ குடிக்கிறாங்க. நான்தான் ஊத்திக் குடுத்தேன்."

மறுநாளும் அம்மா கல்லைத் தேய்த்தாள்.

நானும் குறைந்தவளில்லை. இந்தத் தேர்தலில் மாற்றி ஓட்டுப் போட்ட பக்கத்து வீட்டுச் செல்வியோடு ஒரு மாதமாகப் பேச்சில்லை. இன்று இருவரும் பீலியில் நிற்கும்போது, போஸ்டர்காரர் பசை வாளியைக் கல்லில் வைத்துவிட்டு, "கட்டாயம் வாங்கக்கா," என்றார்.

"மொதல்ல வாளிய எடுங்க. கல்லைக் கழுவணும்," என்றேன்.

செல்வி என்னைப் பார்த்து வாய் திறந்தாள்: "சாம்பல் நான் கொண்டாறேன்."