மங்கலாகத் தெரிந்த கோடு

வேப்பூர் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது அந்தோணியின் போன் வந்தது. ரோஸ்லின் அக்காவின் தம்பி. எப்போதும் நலம் விசாரித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். அன்று எடுத்தவுடனே, "அக்கா போயிட்டாங்க செல்வம். சாயங்காலம் கோயில்ல பூசை முடிச்சி எடுக்கிறோம்" என்றார். லாரிச் சத்தத்தில் தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

கேசட் காலத்தில் விருத்தாசலத்தில் கல்யாணம் செய்தவர்களில் பலரை, நேரில் பார்க்காமலே முகமறிந்தவர் ரோஸ்லின் அக்கா. கடைவீதியில் ஒரு மாடியறையில் வீடியோ எடிட்டிங் செய்தார். நான் அவருடைய கேமராமேன். அன்றைய ஹார்டு டிஸ்க்கில் இரண்டு கல்யாணத்தை முழுதாக ஏற்றினாலே இடம் தீர்ந்துவிடும். அதனால் கேசட்டில் இருப்பதை முதலில் சின்ன அளவில், தரம் குறைத்து ஏற்றுவார். முகங்கள் சதுரம் சதுரமாக உடைந்து தெரியும். அதை வைத்து வெட்டி, ஒட்டி, வரிசை முடிவான பிறகு, வேண்டிய துண்டுகளை மட்டும் அதே கேசட்டிலிருந்து முழு அளவில் மறுபடி எடுப்பார். "மங்கலா தெரியிறத வச்சி வெட்டலாம் செல்வம். அத வச்சி எதையும் முடிவு பண்ணக்கூடாது" என்பார். வேலைக்காகச் சொன்ன வார்த்தை என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஒரு வருடம் ஒரு செராமிக் கம்பெனியில் ஆயுத பூசையைப் படம் எடுத்துவந்தேன். சூளையின் புகைக்கூண்டுக்குக் கீழே தொழிலாளர்கள் எல்லோரையும் நிற்கவைத்து எடுத்த காட்சி ஒன்று அதில் இருந்தது. பொம்மைகளுக்கும் அகல் விளக்குகளுக்கும் வர்ணம் அடிக்கும் பெண்கள் முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அந்த இடத்தில் படத்தை நிறுத்தினார். அவர்களுக்கு மேலே, கூண்டின் உடம்பில், கறுப்பாக ஏதோ இருந்தது.

"புகைக் கரிதான்க்கா" என்றேன்.

"கரின்னா பரவி இருக்கும். இது கோடா எறங்குது."

கேசட்டை மறுபடி போட்டு, அந்தத் துண்டை மட்டும் முழு அளவில் ஏற்றினார். கோடு இப்போது வெடிப்பாகத் தெரிந்தது. வெடிப்புக்கு மேலே இருந்த செங்கற்கள் ஒரு பக்கமாகத் தள்ளி நின்றன. அவர் பீரோவிலிருந்து முந்தின வருட ஆயுத பூசை கேசட்டை எடுத்தார். அதே கூண்டு. வெடிப்பு இருந்தது. ஆனால் கூண்டு நேராக நின்றது. அக்கா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டார். "பொறப்படு, போலாம்" என்றார்.

கம்பெனி முதலாளி எங்களை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "எங்கப்பா கட்டுனதும்மா அது. எத்தினி மழய பாத்துருக்குது. கார்த்திகைக்கு வெளக்கு ஆர்டர் கெடக்குது, முடியட்டும், பூசிடலாம். நீங்க வீடியோவ நல்லா போட்டுக் குடுங்க, போதும்."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்த பெண்களில் அந்தக் கம்பெனியில் வேலை செய்தவர்களைக் கோயில் வாசலிலேயே அக்கா நிறுத்திச் சொன்னார். மறுநாள் அவர்கள் கூண்டடிக் கொட்டகையிலிருந்து வர்ணக் கிண்ணங்களைத் தூக்கிக்கொண்டு கேட் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்கள். சூப்பர்வைசர் திட்டினார். அவர்கள் நகரவில்லை. சூளைக்கு நெருப்புப் போடும் ஏழுமலையை அக்கா தனியாகப் பார்த்தார். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நீங்க சொல்றது புரியுதுங்க. ஆனா பாதியில நெருப்ப வுட்டா உள்ள இருக்கிற சாமான் பூரா வெடிச்சிரும். இந்தச் சூளை எறங்கட்டும், வந்துடுறேன்" என்றார்.

அந்தச் சூளையில் வெந்த சாமான் இறங்கியது. அடுத்ததை ஏற்றினார்கள். மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் மத்தியானம் பெண்கள் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தபோது கூண்டு சரிந்தது. அவர்கள் முன்பு உட்கார்ந்திருந்த கொட்டகை இருந்த இடமே தெரியவில்லை. பெண்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏழுமலை சூளை வாயில் இருந்தார்.

துக்கத்துக்குப் போனோம். ஏழுமலையின் மனைவி, "நீங்க சொன்னத வூட்டுல வந்து சொன்னாருங்க. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாரு" என்றார். திரும்பும்போது பஸ்ஸில் அக்கா என்னிடம் சொன்னார்: "சொன்னேன் செல்வம். சொல்லிட்டு வந்துட்டேன். அவரு வெளிய வர்ற வரைக்கும் நிக்கலியே."

கேசட்டைக் கேட்டு முதலாளியின் ஆள் வந்தார். அதற்குள் இரண்டு கேசட்டையும் அக்கா போலீஸ் விசாரணையில் கொடுத்துவிட்டிருந்தார். அதன் பிறகு ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. அந்தம்மா படத்தைப் பார்த்தால் அதில் சாவு தெரியுமாம். மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா வந்து, "தப்பா நெனைக்காதம்மா, எங்க பொண்ணு நிக்காஹ் கேசட்ட குடுத்துடு" என்று பாதி வேலையிலேயே வாங்கிப்போனார். அக்கா கேசட்டைத் துடைத்து உறையில் போட்டுக் கொடுத்தார். வேலை குறைந்தது. வந்த கொஞ்சத்திலும் பந்தல், மேடை, மாடி என்று மனிதர்களுக்கு மேலே எது இருந்தாலும் படத்தை நிறுத்தி, அந்த இடத்தை முழு அளவில் எடுத்துப் பார்ப்பார். இடம் போதாமல் டிஸ்க் நின்றுபோகும். எதையாவது அழித்துவிட்டு மறுபடி பார்ப்பார். அவர் அப்படித் திரையருகே குனியும்போது நானும் கூடக் குனிவேன்.

போன வருடம் அவருக்கு வயிற்றில் வலி வந்தது. புதுச்சேரிக்கு நானும் அந்தோணியும் அழைத்துப்போனோம். டாக்டர் ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டி, ஒரு நிழலின் மேல் விரல் வைத்தார். அக்கா, "இது முழு அளவுல எடுத்த படந்தானுங்களே?" என்று கேட்டார். ஆமாம் என்று டாக்டர் சிரித்தார். "அப்ப சரி" என்று சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். திரும்பும் வழியில் புதுச்சேரி தாண்டியதும் தூங்கிவிட்டார்.

அடக்கத்துக்கு அந்தக் கம்பெனிப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சிலருக்கு இப்போது பேரப்பிள்ளைகள். ஏழுமலையின் மனைவி குழிக்குள் மண் போட்டுவிட்டு, அந்தோணி நாற்காலி கொண்டுவந்து போட்டும் உட்காராமல், குழி வெட்டியவர்கள் மூடி முடிக்கும்வரை நின்றார்.

போன வாரம் திட்டக்குடிப் பக்கம் ஒரு பள்ளி ஆண்டுவிழாவுக்குக் கேமராவுடன் போயிருந்தேன். பிள்ளைகளை மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். தூணில் சிமெண்டு உதிர்ந்து கம்பி வெளியே தெரிந்தது. சொன்னேன். "அது ரொம்ப நாளா அப்படித்தாங்க இருக்குது, நீங்க எடுங்க" என்றார்கள் ஆசிரியர்கள். கேமராவை அணைத்து, பிள்ளைகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். முணுமுணுத்தார்கள். விழாவுக்கு வந்தவர்கள் மணியைப் பார்த்தார்கள். கடைசிப் பிள்ளை எழுந்து வெயிலுக்குப் போகும்வரை நான் நகரவில்லை. ரோஸ்லின் அக்காவின் அந்த வருத்தத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது இப்படி நிற்பதைத்தான்.

விசாரித்தேன். தொட்டியில் இன்னும் தண்ணீர் ஏற்றுகிறார்கள். நாளைக் காலை மறுபடி திட்டக்குடிக்குப் போகிறேன்.