வெளிப்பெட்டிக்குக் கட்டிய சிவப்பு வீடு

ஃபோல்டால் என்ற எங்கள் குளிர் ஊரில், வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் எங்கள் சந்து முழுக்க வந்த பிறகும் ஒட்னி தன் விறகடுப்பை விடவில்லை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிறவள். அடுப்புக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்தால்தான் அவளுக்கு உயிரே வரும். ஒரு கோடையில், அவள் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவள் கணவன் தூர்லைவ் அடுப்பைப் பெயர்த்தெடுத்துப் புகைபோக்கியையும் அடைத்துவிட்டான்.

"இனிமே புகை இல்ல, சாம்பல் இல்ல, உன் புலம்பலும் இல்ல," என்றான். சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி வெதுவெதுவென்று ஊதிக்கொண்டிருந்தது.

தூர்லைவ் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன். முதுகு போய்விட்டது என்று சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டான். ஆனால் தச்சுவேலையில் கெட்டிக்காரன். ஹீட் பம்புக்காக வெளிச்சுவரில் மாட்டியிருந்த விசிறிப் பெட்டி கண்ணை உறுத்துகிறது என்று, அதைச் சுற்றி மரத்தில் ஒரு குட்டி வீடே கட்டினான். சிவப்புப் பெயிண்ட், வெள்ளை ஜன்னல் சட்டம், சரிந்த கூரை. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள்.

"பெட்டியை மாட்டினவன் திறந்து வைக்கச் சொன்னானே. அதுக்குக் காத்து வேணுமாம்," என்றாள் ஒட்னி.

"காத்துக்குத்தான் சந்து விட்டிருக்கேனே. நீ போய் உன் சூப்பைக் கிண்டு."

வெளிப்பெட்டி தன்மேல் படியும் உறைபனியை அவ்வப்போது தானே உருக்கிச் சொட்டவிடும். எங்கள் குளிரில் அந்த நீர் சொட்டின இடத்திலேயே இறுகிவிடும். திறந்த இடமாக இருந்தால் ஒரு தள்ளு தள்ளிவிடலாம். அந்த மரக்கூண்டுக்குள் அது மேடாக வளர்ந்தது. வேலைக்குக் கிளம்பும் முன் ஒட்னி மண்டியிட்டு, முன்பலகையைக் கழற்றி, உள்ளே கைவிட்டு ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டிப் பனிக்கட்டிகளை இழுத்துப் போடுவாள். வீட்டுக்குள் ஃபில்டரை அலசி மாட்டுவதும் அவள்தான். தூர்லைவ் காப்பிக் கோப்பையோடு ஜன்னலைத் திறந்து தலையை நீட்டுவான்.

"மெதுவாத் தட்டு! அது உங்கம்மா மண்டை இல்ல!"

"எங்கம்மா மண்டையா இருந்தா நீயே ஓடி வந்து தட்டியிருப்பே."

வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள் கேட்டுச் சிரிப்போம்.

மூன்றாவது குளிர்காலத்தில் ட்ரொண்ட்ஹைமில் அவள் தங்கைக்கு அறுவைசிகிச்சை. ஒரு வாரம் கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போனாள். கிளம்பும்போது வாசலில் நின்று அவள் சொன்னது எனக்கும் கேட்டது.

"தினமும் பலகையைக் கழட்டிப் பாரு. குனிய முடியலன்னா அந்தக் கூண்டையே தூக்கிப் போட்டுடு."

"போ போ. எனக்கே பனி பத்திப் பாடம் எடுக்காதே."

அந்த வாரம்தான் குளிர் மைனஸ் முப்பதுக்கும் கீழே இறங்கியது. அவன் பலகையைத் தொடவே இல்லை. கட்டி வளர்ந்து விசிறியை எட்டியது. இறக்கைகள் உடைந்து சிதறிய சத்தம் எங்கள் படுக்கையறைவரை கேட்டது. வேறு கணப்பு இல்லாத வீடு. தண்ணீர் உறைந்து சமையலறைக் குழாய் வெடித்துத் தரையெல்லாம் பனிப்பாளம். தூர்லைவ் எங்கள் வீட்டுக்கு வந்து நான் சுட்ட வாஃபிளை மென்றுகொண்டே என்னிடம் சொன்னான்:

"அவ பாட்டுக்கு ஊர் சுத்தப் போயிட்டா, ஓசே. வீட்டை இப்படிப் போட்டுட்டுப் போறவளை என்னன்னு சொல்றது?"

இதையே கடையிலும் சொன்னான். ஒட்னி பஸ்ஸைவிட்டு இறங்கியபோது கடைக்காரியே கேட்டாளாம், "தங்கச்சி வீட்டுல நல்ல சுகமா இருந்துச்சா?" என்று.

நான் வாளியோடு போனபோது ஒட்னி கோட்டைக்கூடக் கழற்றாமல் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க அவன்?" என்று என்னைக் கேட்டாள்.

"எங்க வீட்டுல."

"குளிராம இருக்கானா?"

"ம்."

"நல்லது," என்று மறுபடி சுரண்டினாள்.

மறுநாள் பழுதுபார்க்க எஸ்கில் என்ற இளைஞன் வந்தான். வந்ததும், "இந்தக் கூண்டை யார் கட்டுனது? மூச்சு முட்டிப் போயிருக்கு," என்றான்.

"அவதான் ஆசைப்பட்டா. பாக்க அழகா இருக்கணும்னு," என்றான் தூர்லைவ், பக்கத்தில் அவள் நிற்கும்போதே.

ஒட்னி உடைந்த இறக்கைத் துண்டு ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். "ஆமா, எனக்கு அழகுன்னா உசிரு. அதனாலதானே உன்னைக் கட்டிக்கிட்டேன்."

எஸ்கில் சிரித்தான். கொஞ்சம் பொறுத்துத் தூர்லைவும் சிரித்தான். அவள் கோடரியை எடுத்துவந்து கூண்டை ஒவ்வொரு பலகையாகப் பிளந்தாள். யாரும் தடுக்கவில்லை.

புது விசிறி வந்தது. வீடு சூடானது. ஆனாலும் கடையில், அவள்தான் வீட்டைப் போட்டுவிட்டுப் போனாள் என்ற பழைய கதைதான் நின்றது. பனி உருகுகிற சமயத்தில் அவள் முதியோர் இல்லத்துக்குப் பின்னால், பணியாளர்களுக்கான அறை ஒன்றுக்குக் குடிபோனாள். தூர்லைவ் ஆளனுப்பிப் பார்த்தான். அவன் நேரில் போகவில்லை, அவள் திரும்பி வரவில்லை. அடுத்த குளிரில் அவன் வெளிப்பெட்டிக்கு முன்னால் நன்றாகவே குனிந்து பனி தள்ளியதை வேலியோரம் நின்று பார்த்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முன் கடையில் ஒட்னியைப் பார்த்தேன். மெலிந்திருந்தாள்.

"அங்க சூடா இருக்கா?"

"இருக்கு. அதைப் பாத்துக்க வேற ஆள் இருக்கு."

"நிம்மதியா இருக்கியா?"

பாலை எடுத்துக் கூடையில் வைத்தாள். "பனி கொட்டினா இன்னும் விடியறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடுது, ஓசே. காலு தானா பூட்ஸைத் தேடுது. அதை நினைச்சாத்தான் ஆத்திரமா வருது."