மாமன் ஜாடை

வால்டர் சலூன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். முகமெல்லாம் நுரை. சலூன்காரர் கத்தியை இழுத்தால் நுரைதான் வருகிறது. அடியில் ஒரு முடி கிடையாது. முப்பத்தாறு வயதிலும் பள்ளிக்கூடப் பையன் முகம். "நல்லா ஒட்ட எடு நைனா, சாயங்காலமே குத்துது" என்பார். சலூன்காரர் சிரிக்க மாட்டார். அந்த மட்டில் நல்ல மனிதர்.

காசிமேட்டுக் கருவாட்டு மண்டியில் சரக்கின் தரம் பார்ப்பது இவர் வேலை. அவர் கூட்டாளிகளான நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற இடத்தில் உட்கார்ந்து சாவகாசமாக இட்லி தின்பார். நெத்திலி கெட்டிருக்கிறதா என்பதை விரலால் கிள்ளிப் பார்த்துத்தான் சொல்வார். "கருவாடு நம்ம மூக்க துன்னுட்ச்சுபா" என்று பெருமையடித்துக்கொள்வார். நாங்களும் நம்பினோம்.

இன்கமிங் இலவசமானதும் ஒரு செல்போன் வாங்கினார். இவர் குரலைக் கேட்டு எதிர்முனையில் "மேடம்" என்கிறார்கள். உடனே அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். யாராவது மீசைப் பேச்சை எடுத்தால் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

அவர் அம்மாவுக்கோ எல்லாம் பெருமைதான். "அப்டியே என் தம்பி லூர்து ஜாடை. அவனுக்கும் மீசை கெடையாது, வாசனையும் தெரியாது." லூர்து கடைசிவரை கல்யாணம் கட்டாமலே போய்ச் சேர்ந்தவர். மாமன் ஜாடை என்றால் நம்மில் யார்தான் கவலைப்படுகிறோம்?

கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் குழந்தை இல்லை. பழி முழுக்க மனைவி தேவப்பிரியத்தின் தலையில். மாமியார் அந்தப் பெண்ணை ஸ்கேனுக்கு இழுத்தார், ஜெபக் கூட்டங்களுக்கு இழுத்தார், வாராவாரம் டோல்கேட் பக்கத்து நாட்டு வைத்தியரின் கஷாயத்தை வாயில் ஊற்றினார். இப்போது ஈஸ்டர் முடிந்ததும் அவளைத் தாய் வீட்டுக்கே அனுப்பிவிடுவது என்று பேச்சு.

எனக்கு ஆத்திரமெல்லாம் வால்டர் மேல்தான். குறை யாரிடம் என்று அந்த மனிதருக்கு உள்ளூரத் தெரியும். "எங்கிட்டதான் இன்னாவோ கீது மாமு. சொல்ல வாய் வர்ல, மானம் பூடும்" என்று என்னிடம் அழுதிருக்கிறார். அட, பெரிய மானம்! பெண்டாட்டி ஏச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டே சோறு தின்கிற மானம்.

போன மாதம் நான்தான் ஒரு டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போனேன். அந்தம்மா கேட்டார்: "கருவாட்டு வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி வாசனை தெரிஞ்சுதா?"

வால்டர் முழித்தார். "சின்ன வயசுலயே தெரியாதும்மா."

"சொந்தத்துல வேற யாருக்காவது இப்படி?"

"எங்க மாமாவுக்கு."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

ரத்தப் பரிசோதனை முடிவுக்காக மறுபடி போனபோது பொறுமையாக விளக்கினார். பருவம் வர மூளையிலிருந்து உத்தரவு கொடுக்கும் செல்கள், கருவிலேயே மூக்குப் பக்கத்திலிருந்துதான் மூளைக்குப் போக வேண்டுமாம். வால்டருக்கு அவை பாதி வழியில் நின்றுவிட்டன. வாசனை தெரியாததும், மீசை முளைக்காததும், பிள்ளை இல்லாததும் ஒரே கோளாறு. இவர் குடும்பத்தில் அது தாய் வழியாக ஆண்பிள்ளைகளுக்கு இறங்கியிருக்கிறது. ஊசி போட்டுப் பார்க்கலாம், பலன் கிடைக்க நாளாகும் என்றார்.

பேருந்தில் வால்டர் டாக்டர் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, "எங்கம்மா வழியா வந்துதுன்னு அதுகிட்டயே எப்டி மாமு சொல்றது?" என்றார்.

அவரோடு வீடு வரைக்கும் போனேன். தெருவிலேயே கஷாய நெடி தாங்காமல் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். உள்ளே தேவப்பிரியம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குமட்டலை அடக்கிக்கொண்டிருந்தாள். மாமியார் எதிரே நின்று கத்திக்கொண்டிருந்தார். "குடிடி! உன்னாலதான் எம்புள்ள வம்சமே நின்னு பூட்ச்சு!"

வால்டர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே போய் மனைவி கையிலிருந்த டம்ளரை வாங்கினார்.

"இது நான் குட்க்க வேண்டியதும்மா."

அம்மாவைப் பார்த்தபடியே, ஒரே மடக்கில் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.