ஏழாம் கட்டிலுக்குக் கொடுத்த தண்ணீர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சித்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து எத்தனையோ பேரின் கண்ணை மூடிவிட்ட கை இது. சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எல்லையை எங்கே போடுவது என்று இழுத்துக்கொண்டிருந்த காலம். உலகமெல்லாம் பரவிய விஷக்காய்ச்சல் எங்கள் பக்கமும் வந்தது. இருமக்கூடத் தெம்பில்லாதவர்கள், "திருத்தணி எந்தப் பக்கம் போவுது நர்சம்மா?" என்று கேட்பார்கள். எனக்கோ அப்போது பகல் எது, ராத்திரி எது என்றே தெரியாது. பெண்கள் வார்டு முழுவதற்கும் இரண்டே நர்சுகள், அதில் ஒருத்தியும் காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

ஏழாம் கட்டிலில் நகரியிலிருந்து வந்த கன்னியம்மா அக்கா. ஒரு காலையில் மூச்சு வாங்கிக்கொண்டே, "தண்ணி குடும்மா, நாக்கு ஒட்டிக்கினு கீது" என்றார். "இதோ வர்றேன்க்கா" என்றேன். அதற்குள் எதிர்க் கட்டிலில் ஒருத்திக்கு வலிப்பு வந்துவிட, அங்கே ஓடினேன். திரும்பி வந்தபோது அக்கா போய்விட்டிருந்தார், வாய் திறந்தபடியே இருந்தது. எனக்கு உட்கார்ந்து அழக்கூட நேரமில்லை.

அன்று மத்தியானம் அனல் காற்றில் திரைத்துணிகள் மெதுவாக உப்பி உப்பி அடங்கின, பினாயில் வாசனைகூட எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல இருந்தது, நான் நடக்கிறேனா மிதக்கிறேனா என்றே தெரியவில்லை. ஏழாம் கட்டிலிலிருந்து "தண்ணி" என்று குரல் வந்தது. போனேன். கன்னியம்மா அக்கா படுத்திருந்தார். அவர் இறந்துபோனவர் என்பது எனக்கு நினைவே வரவில்லை, நம்பினால் நம்புங்கள். தலையைத் தாங்கி, மூக்கு வைத்த பீங்கான் கோப்பையை உதட்டில் வைத்தேன், மடக் மடக்கென்று குடித்தார், பின்கழுத்து வெதுவெதுப்பாக இருந்தது. அப்படியொரு நிம்மதி எனக்கு, கண்ணில் நீர் வந்துவிட்டது.

"யாருக்கு நர்சம்மா தண்ணி குடுத்துக்கினு கீறீங்க?"

வார்டு கூட்டுகிற முனியம்மா வாளியோடு நின்றிருந்தாள். "மெத்தைய அப்பவே வெயில்ல போட எடுத்துக்கினு போய்ட்டேனே!"

எங்கள் வார்டில் ஒருவர் இறந்தால் மெத்தை உடனே மொட்டைமாடிக்குப் போய்விடும். திரும்பிப் பார்த்தேன். வெறும் இரும்புக் கட்டில்தான் இருந்தது. என் கையில் கோப்பை காலி. கட்டிலுக்கடியில் தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

தூக்கமில்லாத மயக்கத்தில் நானே குடித்திருப்பேன் என்றார் டாக்டர். இருக்கலாம். ஆனால் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத என் தொண்டை அப்போதும் காய்ந்துதான் கிடந்தது.

டாக்டரிடம் சொல்லாதது ஒன்று உண்டு. கோப்பை முழுவதும் குடித்த பிறகு அக்கா, "இன்னும் கொஞ்சம் குடும்மா" என்றார். நான் கூஜா பக்கம் திரும்பியபோதுதான் முனியம்மா கூப்பிட்டாள். திரும்புவதற்கு முன் அக்காவிடம் நான் சொன்னது, "இதோ வர்றேன்க்கா."