நாகசாகியில் வெடி கொளுத்திய மாலை

நாகசாகி என்றால் எல்லோருக்கும் குண்டுதான் ஞாபகம் வரும். எனக்கு முட்டையும் சீனியும் சேர்ந்து வேகிற வாசம்தான் வரும்...

நான் வாடகைக்கு இருந்த அறைக்குக் கீழே ஒரு கஸ்தெல்லா கேக் கடை. காலையில் ஜன்னலைத் திறந்தால் அந்த வாசம், அதற்குப் பின்னால் துறைமுகத்து டீசல். ஊரே மலைச்சரிவில் படி படியாக ஏறிக்கிடக்கும். பால் வாங்கப் போய் வந்தாலும் மூச்சு வாங்கும்.

அப்போது நான் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் கப்பல் எஞ்சின் வடிவமைக்கிற ஒரு கொம்பனியில் புதிது. நாகசாகியிலுள்ள கப்பல் கட்டும் தளத்துக்கு ஒரு வருஷம் அனுப்பினார்கள். கடலே இல்லாத நாட்டிலிருந்து கப்பலுக்கு எஞ்சின் சொல்லித்தர ஒருத்தி வந்திருக்கிறாள் என்று அங்கே ஒரே சிரிப்பு.

அதற்கு முந்தின குளிர்காலத்தில்தான் அப்பா ஷாஃப்ஹவுசனில் காலமானார்.

எல்லாம் சுவிஸ் முறைப்படி ஒழுங்காக நடந்தது. கிரெமட்டோரியத்தில் எங்களுக்கு அரை மணித்தியாலம். வெளியே அடுத்த குடும்பம் கறுப்பு உடுப்போடு பொறுமையாக நின்றது. அம்மா கண் துடைக்கக் கொண்டுவந்த லேஞ்சியை வாய்க்குள் அடைத்துக்கொண்டு இருந்தார். அழவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்கக்கூடாதென்று ஞாயிற்றுக்கிழமை வாக்குவம் கிளீனர் போடாமல், இரவில் குளிக்காமல், கதவை மெல்லச் சாத்தி சாத்தியே பழகிய மனுசி... தன் வாயையும் தானே சாத்திக்கொண்டார். ரைன் ஆற்றில் அஸ்தி கரைத்தபோதும் அப்படியே. வீட்டுக்கு வந்தும் அழவில்லை.

பிறகு சாப்பாடு குறைந்தது. கதை குறைந்தது. நான் ஜப்பானிலிருந்து போன் எடுத்தால் ஓம், ம்ம்... அவ்வளவுதான். அம்மாவும் போய்விடுவாரோ என்று உண்மையாகவே பயந்தேன். டிக்கெட் போட்டு ஓகஸ்டில் கூப்பிட்டுவிட்டேன்.

கேக் கடைக்காரி மொரி-சான்தான் எனக்கு வீட்டுக்காரியும். அவருடைய கணவரும் அந்த வருஷம் வசந்தத்தில்தான் போயிருந்தார். அம்மா வந்த அன்றே ஒரு தட்டில் கஸ்தெல்லா வெட்டிக்கொண்டு மேலே வந்தார். போர்த்துக்கேயர் பழக்கிவிட்ட கேக் என்று நான் சொன்னதும் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"அவன் இஞ்சையும் வந்தவனோ?"

எங்கள் ஊரைப் பிடித்து ஆண்டவனைத்தான் கேட்டார். பல மாதத்துக்குப் பிறகு அம்மா தானாகக் கேட்ட கேள்வி. விடுவேனா... தெரிந்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். பிறகு ஜப்பான் வெளியாருக்குக் கதவைச் சாத்தியது, ஒல்லாந்தரை மட்டும் விசிறி மாதிரி ஒரு குட்டித் தீவில் விட்டுவைத்தது, சீனர்களுக்குத் தனியாக ஒரு பகுதி கொடுத்தது, கிறிஸ்தவம் தடையாகி வேதக்காரர் தலைமுறை தலைமுறையாக ஒளித்துக் கும்பிட்டது... ஒளித்துக் கும்பிட்டவர்களுக்காக அம்மா "பாவங்கள்" என்றார். கேக் அப்படியே கிடந்தது.

ஒன்பதாம் தேதி, குண்டு விழுந்த நேரத்துக்கு, சைரன் ஊதியது. தெருவில் போனவர்கள் போன இடத்திலேயே தலை குனிந்து நின்றார்கள். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். அவருக்கு அதை நான் விளங்கப்படுத்தத் தேவை இருக்கவில்லை.

அடுத்த கிழமை வரும் பதினைந்தாம் தேதியை நினைத்துத்தான் எனக்குப் பயம். அந்த ஊரில் அந்த வருஷம் யார் வீட்டில் சாவு விழுந்ததோ அந்த வீட்டார் ஒரு படகு கட்டி, செத்தவரின் ஆவியை அதில் ஏற்றி, தெருவழியே தள்ளிக்கொண்டு போவார்கள். கூடவே பெட்டி பெட்டியாகச் சீனவெடி. அம்மாவோ ஓகஸ்ட் முதலாம் தேதி சுவிஸ் தேசிய தின வாணவேடிக்கைக்கே குளியலறைக்குள் போய் இருக்கிறவர். ஊரில் போருக்குள் ஷெல்லடி பார்த்த மனுசி. அன்றைக்கு வேறு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று ரயில்கூடப் பார்த்து வைத்தேன்.

அதற்குள் மொரி-சான் காதுக்கு வைக்கிற பஞ்சோடு வந்து, தன் கணவரின் படகுக்குப் பின்னால் எங்களையும் நடக்கக் கேட்டார். சத்தம் அதிகம், வேண்டாம் என்று நான் அம்மாவுக்குச் சொல்லிப் பார்த்தேன்.

"அந்த மனுசி செத்தவீட்டுக்குக் கேட்டிருக்கு. போகாமல் விடுறதோ? சீலை மாத்திப்போட்டு வாறன்."

வெயில் இன்னும் இறங்கவில்லை. படகின் முன்னுக்கு மொரி-சானின் கணவரின் படம், கடதாசி விளக்குகள், படகைத் தள்ளுகிற சொந்தக்காரர். முதல் வெடிக்கே பஞ்சு ஒன்றுக்கும் உதவாது என்று தெரிந்துவிட்டது. தெரு முழுக்கப் புகை. அம்மாவின் தோள் நடுங்கியது. பாவி, கொண்டுவந்து என்ன செய்துவிட்டேன் என்று நினைத்தபடி வீட்டுக்குப் போவோமா என்று கத்தினேன். கேட்கவில்லை.

குனிந்து பார்த்தேன். அம்மாவின் வாய் திறந்திருந்தது.

காதைக் கிட்டக் கொண்டுபோனபோதுதான் கேட்டது... "என்ரை ராசா, என்னை விட்டிட்டுப் போட்டியளே..."

ஒப்பாரி. வாய்விட்டு, நெஞ்சில் அடித்து.

திடீரென்று வெடி ஓய்ந்தது. அம்மாவின் குரல் மட்டும் தெருவில் தனியாக நின்றது. அவர் திடுக்கிட்டு லேஞ்சியைத் தேடினார். மொரி-சான் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்றவரின் கையிலிருந்த வெடிப்பெட்டியை முழுதாக வாங்கி, பற்றவைத்து, நடுத்தெருவில் போட்டார். அது முடிய இன்னொன்று. அம்மா துறைமுகம் வரைக்கும் அழுதுகொண்டே நடந்தார். நானும்தான்.

முன்பெல்லாம் படகைக் கடலில் விட்டுவிடுவார்களாம். இப்போது கரையிலேயே ஒரு மெஷின் வந்து நொறுக்குகிறது. மொரி-சான் அந்தப் பலகைகளைக் கும்பிட்டுவிட்டு வந்து அம்மாவின் கையைப் பிடித்தார். அம்மாவுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"பசிக்குது பிள்ளை" என்றார்.

இப்போது நான் திரும்ப ஷாஃப்ஹவுசனில். கேக் கடையை மொரி-சானின் மகன் நடத்துகிறாராம். இங்கே அதே அமைதி, நானும் கதவை மெல்லத்தான் சாத்துகிறேன். அம்மா நன்றாகச் சாப்பிடுகிறார், போனில் அறுவையோ அறுவை. கோயிலில் புதிதாகப் பழகிய பெண்கள், அப்பாவின் செத்தவீடு எங்கே நடந்தது, எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று கேட்பார்கள்.

அம்மா யோசிக்காமல் சொல்லுவார்.

"எரிச்சது இஞ்சை. செத்தவீடு நாகசாகியிலை."