சோமசேகரத்தின் குரலும் பின்சில்லும்

பொலிகண்டிக் கரையில் மீன் எடுத்து, சைக்கிளில் கட்டி, நெல்லியடி தாண்டிக் கரவெட்டியின் குறுகிய ஒழுங்கைகளில் விற்பதுதான் சோமசேகரத்தின் தொழில். கலியாணம் கட்டிய வருசம் தொடங்கினார். அன்றிலிருந்து அதே பாதை. தொழிலுக்கு அவர் போட்ட முதல் என்று பார்த்தால் ஒரு சைக்கிள், ஒரு வெள்ளை றெஜிபோம் மீன்பெட்டி, ஒரு தராசு, ஒரு தொண்டை. இதில் தொண்டைதான் பெரிய முதல்.

"மீ...ன்! உடன் மீ...ன்!"

உடன் பிடித்த மீனென்று சந்தியில் நின்று அப்படி ஒரு கூப்பாடு போட்டாரென்றால், தோட்டத்துக்குள் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுகிறவளுக்கும் கேட்கும். கடைசியில் ஒரு இழுவை இழுப்பார். இழுவை நீளமென்றால் மீன் நல்லது. கட்டையென்றால் ஆள் கிடைத்ததை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். கரவெட்டிப் பெண்கள் படலைக்கு வரமுதலே இதைக் கணித்துவிடுவார்கள்.

அந்தத் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. வெட்டித்தான் எடுக்கவேண்டும், உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல் திரும்பி வருமென்று சொல்ல முடியாது என்றார்கள் டொக்டர்மார். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலமை, மகள் நிவேதனா போனைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, ஒருக்கால் மீன் கூப்பிடுங்கோ."

"விசரே உனக்கு? மீனில்லாமல் என்னத்தைக் கூப்பிடுறது?"

"சும்மா கூப்பிடுங்கோவன்."

கூப்பிட்டார். வாய்ப் பழக்கத்தில் "சூடை மீன்!" என்று ஒரு மீன் பேரையும் சேர்த்துவிட்டார். அதுதான் அந்தத் தொண்டை போட்ட கடைசிக் கூப்பாடு. கட்டியோடு குரலும் போயிற்று. மிஞ்சியது காற்று மட்டும். வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனால் என்ன சொல்கிறார் என்று விளங்கும்.

உடம்பு தேறி அவர் மறுபடி சைக்கிளை எடுத்தது 2022இல், பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற நேரம். மோட்டார் சைக்கிளில் மீன் விற்றவர்களெல்லாம் வீட்டில் குந்தியிருந்தார்கள். சைக்கிள்காரனுக்கு இதைவிட நல்ல காலம் வராது. ஆனால் கூப்பிட வாயில்லை. ரப்பர் ஹோர்ன் ஒன்றைப் பூட்டி அமத்திப் பார்த்தார். அதைக் கோழி விற்கிறவனும் அமத்துகிறான், பழைய இரும்பு எடுக்கிறவனும் அமத்துகிறான். ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை. பாதிப் பெட்டி மீன் வெயிலில் கண் வெளுத்து வீட்டுக்குத் திரும்பி வந்தது.

"பேசாமல் அண்ணையின்ரை கருவாட்டு வாடிக்குப் போங்கோவன்," என்றாள் மனைவி குணலட்சுமி. அவளுடைய தமையன் முல்லைத்தீவுப் பக்கம் வாடி போட்டிருந்தார். "அங்கை வாய் தேவையில்லை. உப்பைப் போட்டுக் காயவைக்கிறதுதானே."

கரவெட்டி தன் சத்தத்தைக் கேட்டு மறுபடி வெளியே வரவேண்டும். வராவிட்டால் வீட்டைவிட்டு வாடிதான். அது சோமசேகரத்துக்குத் தெரிந்தது.

நிவேதனா தன் போனில் கிடந்த கூப்பாட்டை ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் ஏற்றிக் கொடுத்தாள். திருப்பித் திருப்பி அதையே சொல்லும். முதல் நாள் நல்லாய்த்தான் கேட்டது. பிறகு கரண்ட் வெட்டு. வீட்டில் வருகிற கொஞ்சக் கரண்டுக்கு மகளின் போன், லாம்பு, தண்ணீர் மோட்டர் எல்லாம் போட்டி. அரைச் சார்ஜோடு புறப்பட்ட பெட்டி, நெல்லியடிச் சந்தி வரமுதலே வாயை மூடிவிடும். விற்கிற இடம் அதற்கு அங்காலே.

அந்தச் சந்தியில் றேடியோ திருத்துகிற கிறிஸ்துநாயகத்திடம் பெட்டியைக் கொண்டுபோனார். கிறிஸ்துநாயகம் பெட்டியைப் பார்க்கவில்லை, சைக்கிளைப் பார்த்தார்.

"சோமண்ணை, வீட்டிலைதான் சார்ஜ் ஏத்தவேணுமெண்டு ஆர் சொன்னது? காலமை தொடங்கினால் மத்தியானம் மட்டும் மிதிக்கிறியள். அவ்வளவும் றோட்டிலை கொட்டுப்படுது."

பழஞ்சாமான் குவியலுக்குள் கையைவிட்டு ஒரு டைனமோவை இழுத்தெடுத்தார். முந்தி சைக்கிள் லைட்டுக்குப் பூட்டிய, போத்தல் மாதிரியான சாமான். அதன் தலை டயரில் உரசிச் சுழலும். சோமசேகரம் தலையை விரலால் திருப்பிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு ஓடவில்லை. உள்ளுக்குள் ஏதோ ஒன்று பிடித்துப் பிடித்து விட்டது, தூண்டிலைக் கொத்துகிற சின்ன மீன் மாதிரி.

"உள்ளுக்கு என்ன பிடிக்குது?" என்று காற்றால் கேட்டார்.

"காந்தம். அதைச் சுத்திச் செப்புக் கம்பி. காந்தம் சுழண்டால் கம்பியிலை கரண்ட் வரும். ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் ஆடி ஆடி வரும். அதை நேராக்க இந்த டயோட். ஆட்டத்தை அடக்க இந்தக் கண்டென்சர். ஒரு மூச்சளவு கரண்டைப் பிடிச்சு வைச்சிருக்கும்."

பெட்டியிலிருந்த பழைய பற்றரியைக் கழற்றி, சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சில்லில் டைனமோவைப் பூட்டி, சோமசேகரத்தைக் கையால் பெடலைச் சுற்றச் சொன்னார். சுற்றினார். கிறிஸ்துநாயகம் வயரைத் தொடுத்ததும் "உடன் மீ...ன்!" என்று கடை முழுக்கக் கத்தியது. அதே நேரம் பெடல் இறுகியது. வயரை எடுத்தார், இலேசானது. தொடுத்தார், இறுகியது. சோமசேகரம் விடவில்லை. மறுபடி மறுபடி செய்யச் சொல்லிக் கைகாட்டினார்.

"சத்தம் வரேக்கை பாரமாக்கிடக்கு."

"வேறை? ஓசியிலை ஆர் கூப்பிடுவான்? கூப்பிடுறது உங்கடை காலண்ணை."

குரலுக்குப் பாரம் உண்டென்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. தொண்டை இருந்த காலத்தில் அதை நிறுத்துப் பார்க்க வழியிருக்கவில்லை. இப்போது முழங்காலுக்குத் தெரிந்தது. ஒரு நல்ல விளைமீனைக் கூடுதலாய்ப் பெட்டியில் போட்டதுபோல.

சுவிச் வைக்கட்டோ என்று கிறிஸ்துநாயகம் கேட்டார். வேண்டாம், கை முழுக்க மீன் தண்ணி, டைனமோவை டயரிலிருந்து விலத்தினால் தானாய் நிற்கும்தானே என்று சோமசேகரம் சொல்லிவிட்டார். பெட்டியின் உள்ளுச் சாமான்களை ஒரு ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் வைத்து, தண்ணீர் போகாமல் வாய் முழுக்கப் பசை பூசினார்கள். டப்பா கரியருக்குக் கீழே, ஸ்பீக்கர் ஹாண்டிலில்.

கரவெட்டிக்குள் அவர் குரல் ஓடி வந்தது. ஆனால் சந்தியில் சைக்கிள் நின்றதும் குரலும் நின்றது. வழமையாய் மீன் வாங்குகிற சிவகௌரி பாதி வழி வந்து, சத்தம் போய்விட்டதே, ஆளும் போய்விட்டார் என்று திரும்பிப் போனதை அவர் தன் கண்ணாலேயே பார்த்தார். கையைத் தட்டினார், கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து சந்தியில் இறங்குவதில்லை என்று முடிவெடுத்தார். குரல் நிற்காமலிருக்க, மீன்பெட்டியோடு சந்தியில் வட்டமடித்தார். சுற்றிச் சுற்றிக் களைத்து, இனி ஏலாது என்று காலை ஊன்றிய பிறகுதான் பெண்கள் வந்தார்கள். ஏன் இவ்வளவு சுணங்கி வருகிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. வியாழக்கிழமை கிறிஸ்துநாயகத்திடம் போய், நின்றாலும் கத்தவேண்டும் என்றார்.

"அப்ப ஒரு பற்றரி போடவேணும். ஓடேக்கை நிரப்பும், நிக்கேக்கை குடுக்கும்."

வெள்ளிக்கிழமை மீன் விற்பனை கிடையாது. சைவக்காரர் ஊர், அன்றைக்கு ஒரு வீட்டிலும் மீன்சட்டி அடுப்பேறாது. ஓய்ந்த நாள் என்று புதுப் பற்றரியைப் பரிசோதிக்கப் புறப்பட்டார். ஊருக்குள் சத்தம் காட்டக்கூடாதென்று டைனமோவை விலத்தியபடியே கரவெட்டியைத் தாண்டி, ஆளில்லாத வயல் றோட்டுக்குப் போய்த்தான் பூட்டினார். கொஞ்சத்தூரம் மிதித்தார். நிறுத்தினார். குரல் நிற்கவில்லை. வயலில் நின்ற கொக்குகளைப் பார்த்துச் சந்தோசமாகச் சிரித்தார்.

பிறகு டைனமோவை விலத்தினார். குரல் நிற்கவில்லை.

டைனமோ வயரைப் பிடுங்கினார். "உடன் மீ...ன்! சூடை மீன்!" பற்றரி நிரம்பிவிட்டது. அது தன்பாட்டுக்குக் கூப்பிட்டது. டப்பாவோ பசையால் மூடியது. ஸ்பீக்கரைக் கழற்றித் துவாயால் சுற்றி, வெறும் றெஜிபோம் பெட்டிக்குள் அமத்தி மூடினார். கிணற்றுக்குள் விழுந்தவன் கத்துவதுபோல் கேட்டது. வீட்டுக்குப் போக வேறு றோட்டில்லை. பிள்ளையார் கோயிலைக் கடந்துதான் போகவேண்டும். உச்சிப் பூசை முடிந்து சனம் வாசலில் நின்றது.

முன்னால் வந்து மறித்தவர் கோயில் பரிபாலனத்தைப் பார்க்கிற சிவசுப்பிரமணியம்.

"என்ன காணும் இது? வெள்ளிக்கிழமையும் அதுவுமாய், கோயில் வாசலிலை?"

சோமசேகரம் வாயை அசைத்தார். காற்று வந்தது. பெட்டி முந்திக்கொண்டது: "சூடை மீன்!"

"கேட்டியளே! கேக்கக் கேக்கச் சொல்லுறார்!"

"வெறும் பெட்டியை வைச்சு விக்கிறாரப்பா," என்று பின்னாலிருந்து ஒருவன். சனம் சிரித்தது. சிவசுப்பிரமணியம் சிரிக்கவில்லை.

"நிப்பாட்டும். நிப்பாட்டமாட்டீரோ? அப்ப இனி இந்த ஒழுங்கைக்குள்ளை உம்மடை சைக்கிள் வரப்படாது. சொல்லிப்போட்டன்."

சோமசேகரம் பெட்டி மூடியை இன்னும் அழுத்தினார். இந்த ஒழுங்கை போனால் கரவெட்டியில் பாதி போச்சு. அப்போது சிவகௌரி பூத்தட்டோடு கிட்ட வந்து, அவர் வாய்க்குக் காதைக் கொடுத்தாள். பற்றரியின் கதையைக் கேட்டாள். பெட்டியைத் திறந்து ஸ்பீக்கர் வயரைப் பிடித்து ஒரே இழுவை. அமைதி.

"இதைப் பிடுங்கத் தெரியேல்லையே? உந்தப் பற்றரியை ஏன் வைச்சனீங்கள்?"

"நிண்டால் சத்தம் நிண்டுபோகுது, பிள்ளை."

"அதுதானே எங்களுக்கு வேணும்! முதல் நாள் பிழைவிட்டனான், உண்மைதான். பிறகு பழகியிட்டுது. சத்தம் ஓடுதெண்டால் வாறியள். சத்தம் நிண்டால் சந்தியிலை நிக்கிறியள். அப்பத்தான் சட்டியை எடுக்கிறது. பாண் விக்கிறவன்ரை வண்டிப் பாட்டு ஓடினாலும் பாடும், நிண்டாலும் பாடும். எங்கை நிக்கிறானெண்டு தேடவேணும்." பிறகு சிரித்தாள். "நீங்கள் ஏனண்ணை சந்தியிலை வட்டமடிக்கிறனீங்கள்? கோயில் நேர்த்தியாக்குமெண்டு நினைச்சு நாங்கள் கேக்கேல்லை."

சோமசேகரத்துக்கு இப்போதுதான் விளங்கியது. களைத்து நின்ற பிறகு வந்தார்கள் என்று நினைத்தாரே. நின்றபடியால் அல்லவா வந்திருக்கிறார்கள்.

பின்னேரமே கிறிஸ்துநாயகம் பற்றரியை வெட்டியெடுத்தார். கண்டென்சர் மட்டும் மிஞ்சியது.

சனிக்கிழமை பெட்டியில் பாரை மீன். சிவசுப்பிரமணியம் சொன்ன சொல் காதுக்குள் நின்றது. ஒழுங்கைக்குள் போகாமல், அதன் தொடக்கத்திலேயே சந்தியோரமாகப் பிரேக்கைப் பிடித்தார். கண்டென்சரில் கிடந்த மூச்சில் இன்னொரு "மீ..." வந்து பாதியில் அறுந்தது. காலை ஊன்றினார். வட்டமடிக்கச் சொல்லி முழங்கால் துடித்தது. அடக்கிக்கொண்டு நின்றார். காகம் கத்தியது. எங்கோ ஒரு வாளி கிணற்றில் இடித்தது.

ஒரு படலை கிறீச்சிட்டது. பிறகு இன்னொன்று. சிவகௌரி சட்டியோடு முன்னால் வந்தாள், பின்னால் மற்றவர்கள். அவர்களுக்கும் பின்னால், கையில் ஒரு அலுமினியச் சட்டியைக் கொஞ்சம் மறைத்துப் பிடித்தபடி சிவசுப்பிரமணியம்.

"நான் சைவம். இது மருமகளுக்கு," என்றார் முதலில். பிறகு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "எங்கை காணும் சூடை?"

சோமசேகரம் கையை விரித்தார்.

"பிறகேன் றோட்டு முழுக்கச் சூடை, சூடை எண்டு? சரி, பாரையைப் போடும். உள்ளுக்கு வந்து நில்லுமன், ஏன் வெயிலிலை நிக்கிறீர்?"

நிறுத்துப் போட்டு முடிந்ததும் சோமசேகரம் ஏறி, ஒழுங்கைக்குள் சைக்கிளைத் திருப்பினார். பெடல் மெல்ல இறுகியது. குரல் முதலிலிருந்து தொடங்கியது.