ஆளில்லாக் கடற்கரையில் நாலு பேர்

கல்யாணம் முடித்து நாலு வருஷமாகியும் என் கணவருக்கு நீந்தத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

ரொறன்ரோவில், மல்வேர்ன் பக்கம் ஒரே அப்பார்ட்மென்டில்தான் இருந்தோம். காலையில் நான் ஃபாக்டரிக்குப் புறப்படும்போது அவர் நித்திரை. நான் திரும்பி வர, அவர் டான்போர்த்தில் இருந்த கிரேக்க ரெஸ்ரோரன்ருக்கு வேலைக்குப் போயிருப்பார். கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு இறைச்சி வாட்டும் அடுப்புக்கு உயர்ந்தும் அவருடைய நேரம் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேருக்கும் களைப்பு. சோறு எங்கே இருக்கிறது, உடுப்புத் தோய்க்க வேணும், இவ்வளவுதான் எங்கள் கதை.

கனடாப் பாஸ்போர்ட் கைக்கு வந்த கோடையில், இவருடைய முதலாளி ரெஸ்ரோரன்ரைப் பூட்டித் திருத்த வேலை தொடங்கினார். கிரேக்கத்தில் தன்னுடைய தீவில் அக்காவின் வீட்டு மேல்மாடி சும்மா கிடக்கிறது, போய் இருந்துவிட்டு வாருங்கள் என்று இவரிடம் சொல்லியிருக்கிறார். இவர் வந்து என்னிடம் சொன்னார். நான் யோசிக்காமல் ஓம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்றிரவு முழுக்க யோசித்தேன்.

அங்கே போன இரண்டாம் நாள், பஸ்காரர் எங்களை ஒரு வெறும் மலைச்சரிவில் இறக்கிவிட்டுக் கீழே கையைக் காட்டினார். ஒற்றையடிப் பாதையால் இறங்கினோம். கடையில்லை, குடையில்லை, ஆளில்லை. வெள்ளைக் கூழாங்கற்களும் அதற்கப்பால் கடலும். அதை நீலம் என்று மட்டும் சொன்னால் போதாது. இடுப்பளவு தண்ணீரில் நின்றபோது என் கால் நகத்தில் உரிந்துபோன பூச்சுக்கூடத் தெரிந்தது. நான் சுடிதாரோடுதான் இறங்கியிருந்தேன். அது பலூன் மாதிரி ஊதிக்கொண்டு என்னைச் சுற்றி மிதந்தது.

திரும்பிப் பார்க்கிறேன், இவரைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் வெகு தூரத்தில் ஒரு தலை எழும்பியது. கை வீசி வீசி, மீன் மாதிரி வந்தார்.

"உங்களுக்கு நீந்தத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"நீர் ஒருநாளும் கேக்கேல்லையே."

எனக்குச் சிரிப்பு வந்தது. வாய்க்குள் உப்புத் தண்ணி போய்ப் புரையேறியும் சிரிப்பு நிற்கவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீர் சிரிச்சா இப்பிடியோ சத்தம் வரும்? நாலு வருஷமா எனக்குத் தெரியாது" என்றார்.

அப்போதுதான் கடற்கரையின் மறுகோடிப் பாறைக்குப் பின்னால் இருந்து இரண்டு பேர் எங்களை நோக்கி நடந்து வந்தார்கள். அறுபதுக்கு மேலே வயதிருக்கும், ஒரு வெள்ளைக்காரரும் மனைவியும். தலையில் தொப்பி இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"இஞ்சரும், அங்காலை பார்க்காதையும்" என்றார் இவர், தானும் கண்ணை எடுக்காமல்.

நான் கழுத்தளவு தண்ணீரில் தாழ்ந்தேன். கரைக்கு ஏறியிருந்த இவர் அகப்பட்டுப் போனார். அவர்கள் ஜெர்மன்காரராம். மிக மரியாதையாகக் காலை வணக்கம் சொல்லி, தங்களை ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். இவர் கமராவை வாங்கி, வானத்தைப் பார்த்தபடி, இன்னும் கொஞ்சம் கிட்ட நில்லுங்கள், சிரியுங்கள் என்றெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லி மூன்று படம் எடுத்தார்.

அவர்கள் போனதும் கேட்டேன், "படத்திலை அவையள் விழுந்திருப்பினமோ?"

"கடல் கட்டாயம் விழுந்திருக்கும்" என்றார்.

நாங்கள் கல்லில் விழுந்து விழுந்து சிரித்தோம். இரண்டு பேருக்கும் விலா நொந்தது. அடங்கியதும் ஒருவரையொருவர் பார்ப்போம், திரும்பத் தொடங்கும்.

மத்தியானம் அந்த அம்மா சாறு வடியும் சிவந்த வத்தகப்பழத்துண்டுகளோடு வந்தார். இடுப்பில் ஒரு துவாய் கட்டியிருந்தார், எங்களுக்காகத்தான் என்று நினைக்கிறேன். வெறுங்கையோடு அனுப்புவது எப்படி? பாணுக்குள் வைத்திருந்த டின்மீன் பிரட்டலைக் கொடுத்தேன். ரொறன்ரோவில் இருந்து கொண்டுபோன மிளகாய்த்தூளில் பிரட்டியது. ஒரு கடி கடித்தார். முகம் சிவந்தது. துவாயைப் போட்டுவிட்டு ஓடிக் கடலுக்குள் பாய்ந்தார். நான் பதறிப்போய் எழும்ப, அவர் தண்ணீருக்குள் இருந்து கையை நீட்டி இன்னும் ஒன்று கேட்டார்.

பின்னேரம் நாலு பேரும் ஒன்றாகத்தான் இருந்தோம். எனக்கு மிதக்கப் பழக்குகிறேன் என்று இவர் என் முதுகுக்குக் கீழே கையைப் பிடித்தார். எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. காதுக்குள் தண்ணி, கண்ணுக்கு மேலே வானம், உடம்பு என்று ஒன்றே இல்லாத மாதிரி இருந்தது. தலை சுற்றியது. கரையில் ஜெர்மன்காரர்கள் கை தட்டினார்கள்.

இதற்குள் கடைசி பஸ் போய்விட்டது. தக்காளி ஏற்றிய ஒரு பிக்கப்காரர் எங்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். பெட்டிகளுக்கு நடுவில் ஈர உடுப்போடு இருந்து, ஒவ்வொரு வளைவிலும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தோம். இவர் சத்தமாகப் பாடத் தொடங்கினார். ராகம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். நான் அவர் வாயைப் பொத்தினேன். கையை விலக்கிவிட்டுப் பாடினார்.

தீவின் மற்றப் பக்கத்தில் பழைய கோட்டை ஒன்றும் பெயர்போன தேவாலயமும் இருப்பதாக முதலாளியின் அக்கா தினமும் காலையில் சொன்னார். நாங்கள் தலையாட்டிவிட்டு, மிச்சம் எட்டு நாளும் அதே மலைச்சரிவில்தான் போய் இறங்கினோம்.